உள்ளே விதை இருக்கு

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்குச் சந்தேகம். கண்டி ஆஸ்பத்திரியின் அந்த அறைக்கு ஜன்னல் இருந்தது என்று நினைக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்ததாகவும் நினைக்கிறேன். ஆனால் நாங்கள் போனது மாசி மாதம். மாசியில் அங்கே மழை குறைவு. அத்தை நின்றுகொண்டிருந்தாளா, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளா என்பதும் நாளுக்கொரு விதமாகத் தெரிகிறது. மாறாமல் இருப்பது நான் சொன்ன மூன்று சொற்கள் மட்டும்தான்.

1975ஆம் வருடம். நான் ஹட்டனில் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியனாக இருந்தேன். என் அப்பாவின் தங்கை சுகிர்தம் அத்தையும் அவள் மகள் சிசிலியும் றொசல்ல ஸ்டேஷனிலிருந்து ஒரு மணி நேரம் ஏறிப் போகவேண்டிய தோட்டத்தில், லயம் என்ற வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். மாமா சிசிலி சின்னவளாக இருந்தபோதே இறந்துபோனார். அத்தைக்குத் தேயிலை நாற்று மேடையில் வேலை. சிசிலி கொழுந்து எடுத்தாள். இருபத்துமூன்று வயது. அவள் இன்னும் பெரியமனுஷி ஆகவில்லை.

எங்கள் ஆட்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போனாலும் மாதா கோயிலுக்குப் போனாலும் இந்தச் சடங்கு மட்டும் ஒன்றுதான். பிள்ளை ஆளானதும் தாய்மாமன் வீட்டுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். தாய்மாமன் சீலையோடு வரவேண்டும். சிசிலிக்குத் தாய்மாமன் என் அப்பா. அவளுக்குப் பதின்மூன்று வயதானபோதே ஹட்டன் கடையில் ஒரு குங்குமக் கலர் சீலை எடுத்து, பூச்சி உருண்டை போட்டு, தகரப் பெட்டியில் வைத்தார். ஆள் வந்து சொன்னவுடன் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம் என்பது அவர் கணக்கு. ஆள் வரவில்லை. 1972இல் அப்பா இறந்தார். பெட்டி எனக்கு வந்தது. பெட்டியோடு, சிசிலியை நான்தான் கட்டவேண்டும் என்ற பேச்சும் வந்தது. அந்தப் பேச்சை நான் ஏற்றுக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை.

ஒரு பள்ளி விடுமுறையில் அங்கே போயிருந்தபோது கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நாகலெட்சுமி என்று ஒருத்தி, சிசிலிக்குப் பக்கத்து நிரையில் எடுப்பவள், கூடையை இறக்கிக்கொண்டே சொன்னாள்.

"சிசிலிக்கு என்னாடி, மாசம் பூரா ஒரு நாள் இடுப்பு நோவு கெடையாது. அவ கூடையும் நெறையும், எங்க கூடை எப்புடி நெறையும்?"

"ஒனக்கு இடுப்பு நோவா, நாக்கு நோவான்னு மொதல்ல மருந்துக்காரையாகிட்ட கேட்டுக்க," என்றாள் சிசிலி. "நாக்கு நோவுக்கு அவருகிட்ட மருந்து இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நாகலெட்சுமியும் சிரித்தாள். சிசிலி சிரிக்காமல் கொழுந்தைப் படங்குச் சாக்கில் கொட்டினாள். உயரமான பெண், முகம் அவ்வளவு சுத்தமாக இருக்கும், ஒரு பரு கூட வந்ததில்லை. அதையும் அத்தை ஒரு குறையாகவே சொல்வாள்.

அந்த வருடத் தொடக்கத்தில் அவளுக்கு நோவு வந்தது. கூடை நிறைந்து மேட்டில் ஏறும்போது தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தது. தொட்டால் நெல்லிக்காய் அளவில் ஏதோ உருண்டது. தோட்டத்து மருந்துக்காரையா குடலிறக்கமாக இருக்கும் என்று கண்டிக்குக் கடிதம் கொடுத்தார். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது, சிங்களம் கடைத்தெரு அளவுக்குத்தான். அதனால் நான் கூடப் போனேன். பேராதெனியாவில் இறங்கி ரெயில் மாறிப் போனோம். முதல் தடவை இரத்தம் எடுத்தார்கள், கன்னத்தின் உள்பக்கம் குச்சியால் வழித்து எடுத்தார்கள், ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். இரண்டாம் தடவை என்னையும் அத்தையையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். சிசிலி வெளியே விறாந்தையில் இருந்தாள்.

டொக்டர் சின்ன வயது, வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன் என்று அறிந்ததும் அவருக்குச் சந்தோஷம். ஒரு படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி அதில் வரைந்து காட்டினார்.

அவர் சொன்னது இதுதான். சிசிலிக்குக் கருப்பை இல்லை. சூலகமும் இல்லை. அந்த உருண்டைகள் இரண்டும் ஆணுக்கு இருப்பவை. அவை ஆணின் ஓமோனைத்தான் சுரக்கின்றன, அதுவும் குறைவில்லாமல். ஆனால் ஓமோன் தானாக எதையும் செய்வதில்லை. இரத்தத்தில் எல்லா இடத்துக்கும் போகும், உடம்பைக் கட்டியிருக்கும் ஒவ்வொரு சின்னக் கலத்துக்குள்ளும் நுழையும். உள்ளே அதை வாங்கிப் பிடிக்க ஒரு புரதம் இருக்கவேண்டும். அந்தப் புரதத்தில் அந்த ஓமோன் மட்டும் உட்காரும்படி ஓர் இடம். அதில் அது பொருந்தினால்தான் புரதம் தன் உருவத்தைச் சற்று மாற்றிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து கலத்தின் கருவுக்குள் போய் அங்கே வேலையைத் தொடக்கும். எங்கள் பாடப் புத்தகத்தில் அந்தப் புரதத்துக்கு 'வாங்கி' என்று பெயர். சிசிலியின் உடம்பில் அந்த வாங்கி ஓமோனை வாங்கவில்லை. தாய் வயிற்றில் இருந்தபோதும் வாங்கவில்லை, பதின்மூன்று வயதிலும் வாங்கவில்லை. அந்த ஓமோனின் சேதி எட்டாத உடம்பு தன் போக்கில் பெண்ணாக வளர்ந்தது.

"அவள் பெண்," என்றார் டொக்டர். "பிறந்ததிலிருந்து பெண். அதில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. அவளிடம் இந்த விபரமெல்லாம் சொல்லவேண்டாம். பிள்ளை பிறக்காது என்பதைத் தாய் பக்குவமாகச் சொல்லட்டும். ஆனால் அந்த இரண்டையும் உள்ளே விட்டுவைக்கக்கூடாது. சில பேருக்கு வருடங்கள் போனபிறகு அது புற்றாகிவிடும். எல்லாருக்கும் இல்லை. ஆனாலும் எடுத்துவிடுவது நல்லது. சின்ன ஒப்பரேஷன். தாயிடம் சொல்லுங்கள், இப்போதே திகதி தருகிறேன்."

அவர் பேனையை மூடினார். அத்தை என்னைப் பார்த்தாள்.

அந்த உறுப்புக்குப் பாடப் புத்தகத்தில் இருக்கும் சொல் விதை. ஒன்பதாம் வகுப்பில் அதைப் பலகையில் எழுதும்போது பின்பெஞ்சில் சிரிப்பார்கள். நான் டஸ்டரால் மேசையைத் தட்டுவேன். தோட்டத்தில் புழங்கும் சொல் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்லை அத்தை முன்னால், அவள் மகளுக்கு, அதுவும் நான் கட்டிக்கொள்ளவேண்டும் என்று பேச்சிருக்கும் பெண்ணுக்கு, என்னால் சொல்ல முடியவில்லை. புத்தகச் சொல் மரியாதையாக இருந்தது. கருப்பை இல்லை என்பதைப் பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்று ஒதுக்கிவைத்தேன். முதலில் அந்த உருண்டைகளைப் பற்றிச் சொன்னேன்.

"அத்தே, அது குடலிறக்கம் இல்லையாம். உள்ள விதை இருக்கு."

அத்தை முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். முந்தானையை எடுத்தபோது அவள் முகத்தில் இருந்தது வேறு.

"அப்புடியா," என்றாள். "அமுந்து கெடக்கு, அதான் வெளிய தெரியல. அமுந்துறதுதான் மருமவனே நல்ல விதை."

எனக்கு உடனே விளங்கியது. அத்தை இருபது வருடம் நாற்று மேடையில் வேலை செய்தவள். தேயிலை விதை மூட்டை வந்தால் முதலில் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். மிதப்பது சொத்தை, அள்ளி எறிந்துவிடுவார்கள். அடியில் அமிழ்ந்து கிடப்பதைத்தான் எடுத்து மண்ணில் வைப்பார்கள். இருபது வருடம் தொட்டியில் கைவிட்டு அமிழ்ந்ததைத் தடவி எடுத்தவளிடம் நான் உள்ளே விதை இருக்கிறது என்று சொல்லியிருந்தேன்.

அப்போதே திருத்தியிருக்க வேண்டும். நான் அடுத்த வரிக்குப் போனேன்.

"அத எடுத்திரணும்கிறாரு."

"என்னாத்த?"

"அந்த விதைய."

அந்த நாட்களில் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. லொறி வரும், பெண்களை ஏற்றிக்கொண்டு போகும், வயிற்றில் வெட்டி அனுப்பிவிடும், அதன்பிறகு அவர்களுக்குப் பிள்ளை தங்காது. உண்மை பாதி, பயம் பாதி. அதே வருடம் எங்கள் மலைகளில் பழைய விதைத் தேயிலையை வேரோடு பிடுங்கி, கிளையை வெட்டி நட்டு வளர்க்கும் புதுத் தேயிலையை வைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு அந்தப் புதுக் கன்றுகளில் நம்பிக்கை இல்லை. விதையில் முளைத்ததுக்குத்தான் ஆணிவேர் இறங்கும், எந்த வெயிலுக்கும் நிற்கும் என்பாள்.

"மலையில இருந்த விதைத் தேயிலையெல்லாம் புடுங்கியாச்சு," என்றாள் அத்தை, சத்தமில்லாமல், டொக்டரைப் பார்த்து, அவருக்குப் புரியாத தமிழில். "இப்ப எம் புள்ள வயித்துல கெடக்கிறதும் வேணுமாமா இவனுகளுக்கு."

"என்ன சொல்கிறார்?" என்று டொக்டர் கேட்டார்.

"வீட்டில் யோசித்துவிட்டு வருவதாகச் சொல்கிறார்," என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். அந்தப் படம் வரைந்த படிவத்தை என்னிடமே தந்தார். படிப்பிக்க உதவும் என்றார்.

திரும்பி வரும்போது ரெயிலில் அத்தையின் கை சிசிலியின் முழங்காலில் இருந்தது. றொசல்லயில் இறங்கியபோது பனி இறங்கிவிட்டது. சிசிலி என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். நான் மூட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்குள் லயம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. கண்டியில பெரிய டொக்டரு பார்த்தாரு, விதை இருக்காம், கொஞ்சம் ஆழத்துல கெடக்காம், நேரம் வந்தா மொளைக்குமாம். நாகலெட்சுமி கேலியை நிறுத்திக்கொண்டாள். அத்தை, ஆளான பிள்ளைக்குக் கொடுக்கவென்று வெந்தயமும் கருப்பட்டியும் உளுந்தும் வாங்கி வைத்தாள்.

இரண்டு வாரம் நான் ஹட்டனில் தூங்காமல் கிடந்தேன் என்று சொன்னால் அது பொய். தூங்கினேன். பாடம் நடத்தினேன். ஆனால் அந்தப் படிவம் என் புத்தகத்துக்குள் இருந்தது. மூன்றாம் வாரம் போனேன். அத்தை தன் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அத்தே, நா அன்னைக்குச் சொன்னது தப்பு. அது நீங்க நெனைக்கிற விதை இல்ல. அவளுக்குக் கருப்பையே இல்ல. புள்ள பொறக்காது. அத எடுக்காம உட்டா பின்னால நோய் வரும்."

அத்தையின் கத்தி நிற்கவில்லை. ஒரு கிழங்கை முழுதாக உரித்துத் தண்ணீரில் போட்டாள்.

"மருமவனே, ஒங்கப்பன் சீலை எடுத்து வச்சு பத்து வருசம். ஒரு நாள் கூட நா ஒன்னைய வந்து கேட்டதில்ல."

"நா அதுக்காகச் சொல்லல."

"கட்ட இஷ்டமில்லன்னா இஷ்டமில்லன்னு சொல்லிட்டுப் போ. படிச்ச மனுசன், வாத்தியாரு, ஒனக்கு லயத்துப் புள்ள எதுக்கு. அதுக்காக எம் புள்ளைக்கு மலடின்னு பேரு வைக்காத. அன்னைக்கு டொக்டரு முன்னால ஒரு பேச்சு, இன்னைக்கு எங்கூட்டு வாசல்ல ஒரு பேச்சு."

கட்ட விருப்பமா இல்லையா என்று எனக்கே தெரியாது. விருப்பமில்லை என்று சொல்லியிருந்தால் அத்தை என்னை ஏசிவிட்டு மற்றதையாவது நம்பியிருப்பாளோ என்னவோ. விருப்பம் என்று சொல்லியிருந்தால் நிச்சயம் நம்பியிருப்பாள். நான் இரண்டையும் சொல்லவில்லை. பலகையை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பீலியில் சிசிலி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மலைத் தண்ணீர், மூங்கில் குழாய் வழியாக விழும் சத்தத்தில் நாங்கள் பேசுவது வேறு யாருக்கும் கேட்காது. அவள் குடத்தை நகர்த்திவிட்டு நின்றாள்.

"மச்சான், அந்தக் காயிதத்துல என்னாமோ வரைஞ்சு குடுத்தாராமே. காட்டுங்க."

எடுத்துக் காட்டினேன். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள். பெரிய வட்டம், உள்ளே சின்ன வட்டம், வாய் திறந்தது போல ஓர் உருவம், பக்கத்தில் ஒரு புள்ளி.

"இது என்னா, புள்ளி?"

"ஓமோன். ஒடம்புல ஓடுற ஒரு சேதின்னு வச்சுக்க. இது வாங்கி. அந்தச் சேதிய இது வாங்கணும். ஒனக்கு இது வாங்கல."

"சேதி வருதா?"

"வருது. மத்தவங்களுக்கு வர்றத விடக் கூடத்தான் வருது."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில பெரட்டுல வரிசையா நிக்க வச்சு பேரு கூப்புடுறாங்க," என்றாள். "ஆளு அங்கதான் நிக்குது. கேக்கல. கண்டாக்கையா இன்னும் சத்தமா கூப்புடுறாரு. அப்பவும் கேக்கல. அப்புடியா?"

"அப்புடித்தான்." பத்து வருடம் படிப்பித்தும் எனக்கு அவ்வளவு சரியாகச் சொல்ல வந்ததில்லை.

"அப்ப எங்கம்மா சொல்லுற விதை?"

தண்ணீர் குடத்துக்கு வெளியே விழுந்துகொண்டிருந்தது. அவளிடம் விபரம் சொல்லவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அது எனக்கு வசதியாக இருந்தது.

"அது வேற," என்றேன்.

"எடுக்காட்டி செத்திருவனா மச்சான்?"

அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். சில பேருக்கு, வருடங்கள் போனபிறகு, எல்லாருக்கும் இல்லை என்று டொக்டர் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம். அவள் தலையாட்டியிருப்பாள். தாயை மீறி வந்திருப்பாள் என்றுகூட நினைக்கிறேன். அந்தப் பிடிவாதம் அவளுக்கு உண்டு. ஆனால் ஏன் சாவேன், எப்படி, அது என்ன உறுப்பு என்று அடுத்தடுத்துக் கேட்பாள். அந்தச் சொல்லை நான் சொல்லவேண்டி வரும்.

"இல்ல," என்றேன்.

"அப்ப சரி. அம்மா மனசு நோகாம இருக்கட்டும்." காகிதத்தை மடித்துத் தந்தாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இன்னொண்ணு," என்றாள். "அம்மா கேட்டிச்சின்னு நீங்க சங்கடப்பட வேணாம். நா ஒங்கள நெனச்சுக்கிட்டு இல்ல."

அது உண்மையா என்று நான் கேட்கவில்லை.

1978இல் நான் ஹட்டனில் வேலைபார்த்த தெரேசா ரீச்சரைக் கல்யாணம் செய்தேன். அத்தை வரவில்லை. சிசிலி வந்தாள், பின்வரிசையில் நின்று பூசை கண்டாள், சாப்பிட்டுவிட்டு நாலு மணி ரெயிலுக்குப் போனாள். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, நத்தார்ப் பண்டிகைக்கு, பார்த்துக்கொள்வோம். நாகலெட்சுமி இந்தியாவுக்குக் கப்பலேற ரெயிலில் புறப்பட்ட நாளில் சிசிலி ஸ்டேஷனில் நின்று அழுததைப் பார்த்தேன். கேலி செய்ய ஆளில்லாமல் போனதற்காக அழுகிறேன் என்றாள்.

1985 சித்திரையில் மருந்துக்காரையா ஆள் அனுப்பினார். சிசிலிக்கு வயிறு உப்பியிருந்தது. லயத்தில் அதற்கும் ஒரு பேச்சு கிளம்பியது. கடைசியில் விதை முளைத்துவிட்டது என்று. அத்தையே ஒரு வாரம் அப்படி நம்பினாளாம். கண்டிக்குக் கொண்டுபோனேன். பழைய டொக்டர் அங்கே இல்லை. புதியவர் பத்து வருடத்துக் கோப்பைத் தேடி எடுத்தார். தாய் வீட்டில் யோசித்துவிட்டு வருவதாகச் சொன்னார் என்று அதில் எழுதியிருந்தது. யார் அதை மொழிபெயர்த்தது என்று எழுதியிருக்கவில்லை. வயிற்றைத் திறந்தார்கள். எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். மற்றதை விட்டு மூடினார்கள்.

மயக்கம் தெளிந்த மறுநாள் நான் கட்டிலருகில் இருந்தேன்.

"எடுத்துட்டாங்களா, அத?" என்றாள்.

"எடுத்துட்டாங்க."

"அம்மாகிட்ட சொல்லாதீங்க மச்சான்."

சரி என்றேன். பிறகு, கண்ணை மூடியபடியே, "ஒங்களுக்கு அப்பவே தெரியும்," என்றாள். கேள்வியாக இல்லை.

1989இல் கண்டியில் ஒரு நூல்நிலையத்தில் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்த வாங்கியைப் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. அதன் முழு வரிசையையும் கண்டுபிடித்துவிட்டார்கள். தொளாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. மூன்று பகுதி. முன்பகுதி வேலையைத் தூண்டுவது. நடுப்பகுதி விரல் மடக்கியது போல மடிந்து, ஒவ்வொரு மடிப்பிலும் நாகம் என்ற உலோகத்தின் ஓர் அணுவை வைத்துக்கொண்டு, பரம்பரை இழையைப் பற்றுவது. கடைசிப் பகுதியில்தான் ஓமோன் உட்காரும் இடம். அந்தத் தொளாயிரத்தில் ஒன்றே ஒன்று மாறியிருந்தாலும் போதும், ஓமோன் பிடிபடாமல் போகலாம் என்று எழுதியிருந்தது. இந்தக் குறை தாயிடமிருந்து வருவது என்றும், தாய்க்கு அதனால் எந்த நோயும் இருக்காது என்றும் எழுதியிருந்தது. அத்தைக்கு வாசிக்கத் தெரியாதது நல்லது என்று நினைத்தேன். அப்போது அத்தை உயிரோடு இல்லை என்பது சற்றுப் பிறகுதான் ஞாபகம் வந்தது. மூடிவைத்துவிட்டு வெளியே வந்தேன்.

சிசிலி 1985 ஐப்பசியில், முப்பத்துமூன்று வயதில், லயத்தில் இறந்தாள். தோட்டத்து மயானத்தில் புதைத்தோம். சுகிர்தம் அத்தை இரண்டு வருடம் கழித்து நெஞ்சு நோவில் போனாள். என்னோடு கடைசிவரை பேசவில்லை. நாகலெட்சுமி கோத்தகிரிப் பக்கம் கொழுந்து எடுக்கிறாள். ஒரு கடிதம் எழுதி, சிசிலிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருந்தாள். நான் பதில் போடவில்லை. மருந்துக்காரையா வேலையிலிருந்து நின்று மகனோடு மாத்தளையில் இருக்கிறார். படம் வரைந்த டொக்டர் வெளிநாட்டுக்கே திரும்பிப் போய்விட்டதாகக் கேள்வி. நான் ஹட்டனில் அதே பாடசாலையில் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை இப்போது தெரேசா எடுக்கிறாள். சீலை பெட்டியில் இருக்கிறது.